‘வைஃபை அனலைசர்’ செயலி: ராமநாதபுரம் கடற்கரை வீடுகளில் எதைக் காட்டும், எதைக் காட்டாது

பிளே ஸ்டோரில் ‘வைஃபை’ என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது பக்கத்து வீட்டு பாஸ்வேர்டை எடுத்துத் தருகிறேன் என்று ஆசை காட்டும் செயலிகள். அவை பக்கமே போக வேண்டாம். போனிலிருக்கும் விவரங்களைக் கறப்பதுதான் அவற்றில் பலவற்றுக்கும் பிழைப்பு. இங்கே சொல்லப்போவது விஆர்இஎம் சாஃப்ட்வேர் டெவலப்மென்ட் வெளியிடும் ‘வைஃபை அனலைசர்’ பற்றி. சுற்றியுள்ள வைஃபைகளின் சிக்னல் வலு, சேனல், பூட்டு வகை இவற்றைக் காட்டும் ஆண்ட்ராய்டு செயலி இது. இதே பெயரில் வேறு செயலிகளும் உண்டு. பெயரோடு ‘ஓப்பன் சோர்ஸ்’ என்ற சொல்லும் கீழே வெளியிட்டவர் பெயரும் இருக்கிறதா என்று பார்த்து இறக்குங்கள். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, மூல நிரல் ஜிபிஎல் 3 உரிமத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. இப்படித் திறந்த செயலிகளுக்கான ‘எஃப்-டிராய்டு’ கடையிலும் கிடைக்கும். இன்டர்நெட் அனுமதியே கேட்காது என்பது எல்லாவற்றையும் விடப் பெரிய நிம்மதி. அது பார்ப்பதெல்லாம் உங்கள் போனுக்குள்ளேயே இருக்கும்.

முதல் தடவை திறந்ததும் பட்டியல் காலியாகக் கிடந்தால் செயலியைத் திட்டி அழித்துவிடாதீர்கள். சுற்றியுள்ள வைஃபை பெட்டிகளின் (ரூட்டர்களின்) அடையாள எண்களை வைத்து ஒருவர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால், அந்தப் பட்டியலைப் பார்க்கும் எந்தச் செயலிக்கும் லொக்கேஷன் அனுமதி வேண்டும் என்று ஆண்ட்ராய்டு விதி வைத்திருக்கிறது. அனுமதி கொடுத்தால் மட்டும் போதாது, லொக்கேஷன் பொத்தானும் ஆனில் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் திரை வெறுமையாகத்தான் இருக்கும்.

அடுத்தது வேகம். ஆண்ட்ராய்டு 9 முதல், திரையில் திறந்திருக்கும் ஒரு செயலி 2 நிமிடத்துக்கு 4 முறைதான் ஸ்கேன் செய்யலாம். அதனால் வீட்டுக்குள் நடந்துகொண்டே பார்த்தால் எண்கள் பழையவையாக இருக்கும். ஆண்ட்ராய்டு 10 முதல் இதற்கு வழி உண்டு. செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ போய் ‘பில்டு நம்பரை’ 7 முறை தட்டுங்கள், டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் ‘வைஃபை ஸ்கேன் த்ராட்லிங்’ என்பதை அணையுங்கள். வேலை முடிந்ததும் திரும்பப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் பேட்டரி இறங்கும். இதைத் தொட விருப்பமில்லாதவர்கள் ஒவ்வொரு அறையிலும் அரை நிமிடம் அசையாமல் நின்று, எண் மாறிய பிறகு குறித்துக்கொள்ளலாம்.

அந்த எண்தான் டிபிஎம், சிக்னலின் வலுவைச் சொல்லும் அளவு. மைனஸில் வரும், பூஜ்யத்துக்கு அருகில் இருக்க இருக்க நல்லது. பெட்டியின் பக்கத்தில் மைனஸ் 35 வரும். மைனஸ் 67 வரை வீடியோ கால் உடையாமல் போகும். மைனஸ் 75 தாண்டினால் படம் நின்று நின்று வரும். மைனஸ் 85-க்குக் கீழே பெயர் தெரியும், வேலை நடக்காது. 3 டிபி குறைந்தால் சிக்னல் பாதி, 10 டிபி குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. போனைப் பிடித்திருக்கும் கை, திரும்பி நிற்கும் திசை இவற்றாலேயே 5 டிபி வரை ஏறி இறங்கும் என்பதால் சின்ன வித்தியாசங்களைப் பெரிதாக எடுக்க வேண்டாம். எண்ணுக்குப் பக்கத்தில் மீட்டர் கணக்கில் ஒரு தூரமும் காட்டும். அதை நம்பாதீர்கள். இடையில் சுவரே இல்லாத வெட்டவெளிக்கான கணக்கு அது. கீழக்கரையின் பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர் ஒன்று நடுவில் வந்தாலே அடுத்த அறையிலிருக்கும் பெட்டி எங்கோ தள்ளியிருப்பதாகச் சொல்லும்.

கீழக்கரையை எடுத்துச் சொல்லக் காரணம் உண்டு. வளைகுடாவிலிருந்து வீட்டுக்காரர் போட்டிமிலோ இமோவிலோ கூப்பிடும் இரவு நேரத்தில்தான் தெரு முழுக்க எல்லா வீட்டு நெட்டும் ஒரே சமயத்தில் ஓடும். சந்துகள் குறுகல், வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டு. படம் உறைந்து நின்றால் உடனே பிளானை 200 எம்பிக்கு ஏற்றச் சொல்லி ஆபரேட்டருக்குப் போன் போகிறது. பல வீடுகளில் குறை பிளானில் இல்லை, பெட்டி பேசும் அலைவரிசைத் துண்டான சேனலில் இருக்கிறது. இதைக் கண்ணுக்கு நேரே காட்டுவதில் இந்தச் செயலிக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

‘சேனல் கிராஃப்’ பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு வைஃபையும் ஒரு கூம்பாக எழுந்து நிற்கும். உயரம் சிக்னலின் வலு, அகலம் அது பிடித்திருக்கும் இடம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நம் நாட்டில் 1 முதல் 13 வரை சேனல்கள் உண்டு. ஆனால் ஒரு சேனலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான், ஒரு வைஃபை பிடிப்பதோ 20 மெகாஹெர்ட்ஸ். எனவே ஒன்றையொன்று இடிக்காமல் நிற்க வழக்கமாக எடுப்பவை 1, 6, 11 ஆகிய மூன்றும்தான். ராமேஸ்வரம் கோயிலைச் சுற்றிய வீதிகளில் லாட்ஜ்களும் கடைகளும் யாத்திரைக்காரர்களின் போன் ஹாட்ஸ்பாட்டுகளும் சேர்ந்து இந்த மூன்றிலும் கூம்பு மேல் கூம்பாக நிற்கும்.

இங்கேதான் செயலியின் பலவீனமும் இருக்கிறது. ‘சேனல் ரேட்டிங்’ என்ற பக்கம் நட்சத்திரம் போட்டு நல்ல சேனலைச் சொல்கிறது. சில நேரம் 3, 4, 9 போன்ற இடைச் சேனல்களுக்கு அதிக நட்சத்திரம் விழும். ஆள் இல்லாத இடம் என்று அங்கே போய் உட்கார்ந்தால் நிலைமை மோசமாகும். ஒரே சேனலில் இருக்கும் இரண்டு பெட்டிகள் ஒன்றின் பேச்சை மற்றது கேட்டு, அது முடிந்த பிறகு தன் முறைக்குப் பேசும். பாதி ஒட்டி நிற்கும் சேனலில் அந்த ஒழுங்கு இல்லை. அடுத்தடுத்த இரண்டு கல்யாண வீட்டில் குழாய் ஸ்பீக்கர் கட்டியதைப் போல, ஒன்றுக்கு மற்றது வெறும் இரைச்சல்தான். கூட்டமாகவே இருந்தாலும் 1, 6, 11-ல் எதில் பக்கத்துக் கூம்புகள் குட்டையாக இருக்கின்றனவோ அதில் நிற்பதே மேல். 12, 13 காலியாகத் தெரிந்தாலும் அமெரிக்கச் சந்தைக்குச் செய்த லேப்டாப், போன் சில அவற்றைப் பார்க்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நட்சத்திரம் எத்தனை பெட்டிகள், எவ்வளவு வலு என்பதை வைத்துப் போடுவது. எந்தப் பெட்டி ராத்திரி முழுக்கப் படம் இறக்குகிறது என்பது அதற்குத் தெரியாது.

கூம்பு வழக்கத்தை விட இரு மடங்கு அகலமாக விரிந்திருந்தால் அந்தப் பெட்டி 40 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. உங்களுடையதே அப்படி என்றால் 2.4-ல் அகலத்தை 20 என்று மாற்றுங்கள். வேகம் குறையுமே என்ற பயம் வேண்டாம். நெருக்கமான தெருவில் அகலப்படுத்துவது இடிபடுவதை அதிகமாக்குமே தவிர வேகத்தைத் தராது.

வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், ஆனால் சுவரைத் தாண்டும் வலு குறைவு. போனும் பெட்டியும் ஒரே அறையிலோ அடுத்த அறையிலோ இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 5-க்குப் போகலாம். சேனல் மட்டும் 36 முதல் 48 வரை, அல்லது 149 முதல் மேலே என்று வையுங்கள். நடுவிலிருக்கும் 52 முதல் 144 வரையிலானவை ரேடார்களோடு பங்கு போடும் அலைவரிசை. அங்கே ரேடார் போன்ற சிக்னலைக் கேட்டால் பெட்டி உடனே இடத்தைக் காலி செய்ய வேண்டும். புதுச் சேனலும் அதே பகுதியில் அமைந்தால் குறைந்தது 60 விநாடி காது கொடுத்துக் கேட்ட பிறகே பேசலாம். ‘டைம் கிராஃப்’ பக்கத்தில் உங்கள் கோடு திடீரென அறுந்து வேறு சேனல் எண்ணோடு திரும்பி வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். விசைப்படகுகளில் இருக்கும் ரேடார்தான் வைஃபையைக் கெடுக்கிறது என்று பாம்பன், மண்டபம் பக்கம் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். படகு ரேடார் பெரும்பாலும் 9 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடுவது, வைஃபைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இந்த டைம் கிராஃபை பலர் திறந்தே பார்ப்பதில்லை. கடற்கரை வீடுகளுக்கு இதுதான் உருப்படியான பக்கம். ‘அடிக்கடி நெட் கட்டாகிறது’ என்ற புகாரை இரண்டாகப் பிரித்துக் காட்டிவிடும். பெட்டியின் பக்கத்தில் போனை வைத்து, செயலியைத் திறந்தபடி விடுங்கள். நெட் போன நேரத்தில் கோடு நேராகவே ஓடினால் உங்கள் வைஃபை நலம், கோளாறு வெளியே. பெட்டியில் ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக இருந்தால் ஃபைபர் அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது. கோடே மறைந்து ஒன்றிரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தால் பெட்டி அணைந்து எழுகிறது என்று அர்த்தம். உப்புக் காற்றுள்ள ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அடாப்டரை. அதன் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். உலோக வளையத்தில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால், லேசாக அசைந்தாலும் மின்சாரம் அறுந்து பெட்டி ரீஸ்டார்ட் ஆகும். அதே வோல்ட், அதற்குக் குறையாத ஆம்பியர் உள்ள அடாப்டர் மாற்றினால் போதும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னலோரம் பெட்டியை வைக்காதீர்கள்.

பெட்டி வைக்கும் இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரும்பு பீரோ மேல், டிவிக்குப் பின்னால், தகரக் கூரைக்கு ஒட்டி வேண்டாம். ஓலைக் கொட்டகை சிக்னலை மறிக்காது, தகரம் திருப்பி அடிக்கும். இடம் மாற்றி ஒரு முறை எண்ணைப் பார்த்தாலே 10 டிபி வித்தியாசம் தெரிய வாய்ப்பு உண்டு.

பாதுகாப்புக்கு வருவோம். இந்தச் செயலியின் உண்மையான பயன் இதில்தான். அக்ஸஸ் பாயின்ட் பட்டியலில் உங்கள் வைஃபை பெயரைத் தட்டினால் விவரம் திறக்கும். அதில் சதுர அடைப்புக்குள், பூட்டு எந்த வகை என்று சொல்லும் சில குறிகள் இருக்கும். ‘டபிள்யூபிஏ2’, ‘சிசிஎம்பி’ என்று இருந்தால் சரி. ‘டபிள்யூபிஏ3’ அல்லது ‘எஸ்ஏஇ’ இருந்தால் இன்னும் நல்லது. ‘டபிள்யூஇபி’ என்று இருந்தால் அந்தப் பெட்டியைப் பூட்டாமல் விட்டதற்குச் சமம். 2001-லேயே உடைத்துக் காட்டப்பட்ட முறை அது. ‘டிகேஐபி’ என்ற சொல் இருந்தால் இரண்டு நஷ்டம். பூட்டு பழையது என்பது ஒன்று. டிகேஐபியில் இணையும் போன் 54 எம்பிபிஎஸ் என்ற பழைய வேகத்தில் நின்றுவிடும், கைக்கு வருவது அதில் பாதிக்கும் குறைவு என்பது இரண்டாவது. 100 எம்பி பிளான் போட்டும் 20 தாண்டவில்லை என்பவர்கள் முதலில் இந்தச் சொல்லைத் தேடுங்கள்.

கடைசியில் ‘டபிள்யூபிஎஸ்’ என்று ஒரு குறி இருந்தால் அதை இன்றே அணைக்க வேண்டும். பொத்தானை அழுத்தியோ 8 இலக்க எண்ணைக் கொடுத்தோ பாஸ்வேர்டு இல்லாமல் இணைவதற்கான வசதி அது. 8 இலக்கம் என்றால் 10 கோடி வாய்ப்பு என்று தோன்றும். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது, மீதி 7-ஐயும் பெட்டி இரண்டு துண்டாகத்தான் சரிபார்க்கும். முதல் 4 சரியா என்று தனியாகச் சொல்லிவிடும், பிறகு அடுத்த 3. ஆக மொத்தம் 10,000-மும் 1,000-மும் சேர்ந்து 11,000 முயற்சிதான். 2011 டிசம்பரில் இது வெளிவந்தது. பிந்தைய பெட்டிகள் பல, தவறான எண் தொடர்ந்து வந்தால் பூட்டிக்கொள்ளும். ஆனால் உங்கள் பெட்டி அப்படிச் செய்யுமா, எண் வழி திறந்திருக்கிறதா, பொத்தான் வழி மட்டுமா என்பதை இந்தச் செயலி சொல்லாது. குறி இருக்கிறதா இல்லையா என்பதே அது தரும் தகவல்.

திருத்துவது பெட்டிக்குள் போய்த்தான். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. போனின் பிரவுசரில் அதை அடித்து உள்ளே போங்கள். முதல் வேலை, அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவது. வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. பொருத்த வந்த ஆள் இரண்டாவதை மாற்றாமலே போயிருப்பார். பிறகு வயர்லெஸ் செக்யூரிட்டியில் டபிள்யூபிஏ2-வும் ஏஇஎஸ்-ஸும் (செயலி ‘சிசிஎம்பி’ என்று காட்டுவது இதைத்தான்), பெட்டி இடம் கொடுத்தால் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறை. கலந்த முறையில் பழைய சிசிடிவி கேமரா, பிரின்டர் சில இணைய மறுக்கும். அவற்றை கெஸ்ட் நெட்வொர்க்கில் (அதே பெட்டியில் விருந்தினருக்கென்று தனியாகத் திறக்கும் வைஃபை) டபிள்யூபிஏ2-வோடு தனியாக விடுங்கள், அதுவே பாதுகாப்பும்கூட. டபிள்யூபிஎஸ்-ஐயும் வெளியிலிருந்து பெட்டியை இயக்கும் ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’டையும் அணையுங்கள். சேவ் செய்து, செயலியில் மறுபடி பாருங்கள். டபிள்யூபிஎஸ் குறி மறைந்திருந்தால் வேலை முடிந்தது. சில பெட்டிகளில் 2.4-க்கும் 5-க்கும் தனித்தனியாக அணைக்க வேண்டியிருக்கும் என்பதால் இரண்டு வரியையும் பார்க்க வேண்டும்.

செயலியால் சொல்ல முடியாத இன்னொரு விஷயம் பாஸ்வேர்டின் தரம். பூட்டு டபிள்யூபிஏ2-வாகவே இருந்தாலும் சாவி உங்கள் செல்போன் நம்பராக இருந்தால் பயனில்லை. கணக்கைப் பாருங்கள். நம் ஊர் செல் நம்பர் 6, 7, 8, 9-ல் தொடங்கும் 10 இலக்கம், மொத்தம் 400 கோடி. உங்கள் போன் வைஃபையில் இணையும் நேரத்துக் கைகுலுக்கலை, அதாவது பாஸ்வேர்டு சரியா என்று போனும் பெட்டியும் பார்த்துக்கொள்ளும் பேச்சை, ஒருவர் காற்றிலிருந்து பிடித்து வைத்துக்கொண்டால், அதற்குப் பிறகு உங்கள் வீட்டுப் பக்கமே வராமல் தன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். உயர்ரக கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று விநாடிக்கு 10 லட்சத்துக்கு மேல் சோதிக்கும். 400 கோடியையும் முடிக்க 4,000 விநாடி, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். பிறந்த தேதி, கடைப் பெயரோடு 123 எல்லாம் அதைவிடச் சீக்கிரம் விழும். ஒன்றோடொன்று ஒட்டாத 4, 5 தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடித்து, நடுவில் குறி போட்டு வையுங்கள். 63 எழுத்து வரை இடம் உண்டு. வீட்டில் எல்லோருக்கும் நினைவிலும் நிற்கும். டபிள்யூபிஏ3-ல் இப்படிப் பிடித்துப் போய்ச் சோதிக்க முடியாது, அதன் பெரிய நன்மையே அதுதான்.

பெயரை மறைத்து வைப்பதால் பாதுகாப்பு அதிகமாகிவிடாது. மறைத்த பெட்டியும் பட்டியலில் பெயரில்லாத வரியாக எண்ணோடும் சேனலோடும் நிற்பதை நீங்களே பார்க்கலாம்.

லாட்ஜ், ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்கு இந்தச் செயலி இன்னொரு வேலைக்கும் ஆகும். ராமேஸ்வரத்திலும் தேவிபட்டினத்திலும் வந்து தங்குபவர்கள் உங்கள் லாட்ஜ் பெயரைப் பார்த்ததும் யோசிக்காமல் இணைவார்கள். அதே பெயரில் வேறொருவர் ஹாட்ஸ்பாட் போட்டால் அவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. உங்கள் ஒவ்வொரு பெட்டியின் பிஎஸ்எஸ்ஐடி என்ற அடையாள எண்ணையும் குறித்து வையுங்கள். மாதம் ஒரு முறை பட்டியலைத் திறந்து, உங்கள் பெயரில் உங்களுடையதல்லாத எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணின் முதல் மூன்று ஜோடி தயாரிப்பாளரைக் குறிக்கும், செயலி அந்தப் பெயரையும் காட்டும். இரண்டாவது இடத்தில் 2, 6, ஏ, இ என்று இருந்தால் தயாரிப்பாளர் பெயர் வராது. போன் ஹாட்ஸ்பாட்டும் பெட்டியின் கெஸ்ட் நெட்வொர்க்கும் பெரும்பாலும் இப்படித்தான் வரும், அதற்காகப் பதற வேண்டாம். எண் பொருந்துகிறது என்பது முழு உத்தரவாதமும் ஆகாது, வேண்டுமென்றே செய்பவர் எண்ணையும் நகலெடுக்க முடியும். விருந்தினருக்குத் தனி கெஸ்ட் நெட்வொர்க், அதில் ‘ஏபி ஐசொலேஷன்’ ஆன் செய்து வையுங்கள். ஒரு அறைக்காரர் போன் இன்னொரு அறைக்காரர் லேப்டாப்பைப் பார்க்க முடியாது, உங்கள் பில்லிங் கம்ப்யூட்டரையும் பார்க்க முடியாது. பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். 2008 அகமதாபாத் குண்டுவெடிப்பையொட்டி வந்த மின்னஞ்சல் நவி மும்பையில் ஒரு வீட்டின் திறந்த வைஃபை வழியாகத்தான் போனது. விசாரணைக்காரர்கள் முதலில் போய் நின்றது அந்த வீட்டு வாசலில்.

பட்டியலைப் பார்ப்பது தப்பில்லை. ஒவ்வொரு பெட்டியும் தன் பெயரை விநாடிக்குச் சுமார் 10 முறை தானாகவே அறிவித்துக்கொண்டிருக்கிறது, செயலி அதைக் கேட்கிறது, அவ்வளவுதான். அடுத்தவர் வைஃபைக்குள் அனுமதியில்லாமல் நுழைவது வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகளின்படி 3 ஆண்டு வரை சிறையோ 5 லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ வரலாம்.

உங்கள் வைஃபையில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் இந்தச் செயலிக்குப் பதில் தெரியாது. அதற்குப் பெட்டியின் உள்ளேயே டிஹெச்சிபி கிளையன்ட் லிஸ்ட்டை, அதாவது இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு 10, ஐபோனில் ஐஓஎஸ் 14 முதல் போன்கள் தம் உண்மையான எண்ணை மறைத்து ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு மாற்று எண் கொடுப்பதால், பட்டியலில் புரியாத பெயர் இருந்தாலே திருடன் என்று முடிவு கட்ட முடியாது. வீட்டிலுள்ள போன்களை ஒவ்வொன்றாக வைஃபையிலிருந்து துண்டித்து, எந்த வரி போகிறது என்று பார்த்துக் கழித்துக்கொண்டே வாருங்கள். எல்லாம் போன பிறகும் மிஞ்சுவது யார் என்று தேடினால் போதும்.

ஐபோன்காரர்களுக்கு இது கிடையாது, இப்படி ஸ்கேன் செய்ய ஆப்பிள் மற்ற செயலிகளை விடுவதில்லை. ஆப்பிளின் சொந்த ‘ஏர்போர்ட் யுட்டிலிட்டி’யை இறக்கி, செட்டிங்ஸில் அதன் ‘வைஃபை ஸ்கேனர்’ பொத்தானைப் போட்டால் பெயர், அடையாள எண், சேனல், டிபிஎம் வரும். பூட்டு விவரம் வராது. அந்த வேலைக்கு வீட்டில் ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன் இருந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. நெட் வரவில்லை என்று புகார் கொடுத்து ஆபரேட்டர் ஆள் வந்து பெட்டியை ரீசெட் செய்தாலோ பெட்டியையே மாற்றினாலோ, நீங்கள் செய்த அத்தனை மாற்றமும் போய்விடும். டபிள்யூபிஎஸ் திரும்பி வரும், சேனல் ஆட்டோவுக்குப் போகும், அட்மின் பாஸ்வேர்டு ஸ்டிக்கரில் இருப்பதாகிவிடும். அவர் படி இறங்குவதற்கு முன் செயலியைத் திறந்து டபிள்யூபிஎஸ் குறி வரும் அந்த வரியைப் பார்த்துவிடுங்கள்.